சன்னம் தளர்கிறது, போல்ட் இறுகுகிறது

கேள்வி: ஐயா, நான் காரைநகர் ஆள். இப்போது குடும்பத்தோடு கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போவேன், மற்ற நாட்களில் கழகத் திடலில் குறி பார்த்துச் சுடுவேன். உரிமம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கையில் இருப்பது பழைய .303 லீ-என்பீல்ட், நம்பர் 4. சுட்ட ரவையின் பித்தளைக் கோதில் மருந்தும் புதுச் சன்னமும் (குண்டும்) வைத்து நானே திரும்ப நிரப்புகிறேன். கோதை முழுவதுமாகத் திரும்ப இறுக்கும் அச்சான முழுநீள டையில் போட்டால் கோதுகள் கெதியாக அறுந்துபோகும் என்று சொன்னார்கள், அதனால் கழுத்தை மட்டும் இறுக்கும் டை ஒன்று வாங்கினேன். முதலில் நல்லாக இருந்தது. நாலைந்து தரம் சுட்டு நிரப்பிய பிறகு, சில கோதுகளில் சன்னத்தை விரலால் சுற்றினால் சுற்றுகிறது, பெருவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறது. வேறு சிலவற்றுக்கு, ரவையை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் பூட்ட மாட்டேன் என்கிறது. இரண்டு கோதின் கழுத்து வெடித்தும் விட்டது. மச்சானிடமும் இதே ரைபிள் இருக்கிறது, அவர் தந்த கோதுகளில் பாதி என்னுடையதற்குள் போகவே இல்லை. டை பழுதா? கொலட் டை வாங்கினால் தீருமா? நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன், நாலு கோதும் டையும் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வெறுங்கோதுதானே என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஒருவரின் பைக்குள் ரவைக்கோது கிடந்தால் கதை எங்கே போய் முடியும் என்று காரைநகர் ஆளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. வேட்டைக்குக் கொண்டுபோகிற தோள்பையையும் ஜக்கெற்றையும் எடுத்து வருவதாக இருந்தால் மூலை முடுக்கெல்லாம் உதறிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். இந்தக் கோளாறைப் பிடிக்கக் கோதை நான் கண்ணால் பார்க்க வேண்டியதும் இல்லை. உங்கள் கையில் ஒரு மைக்குரோமீற்றர் இருந்தால் போதும்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். இங்கே துப்பாக்கியும் வெடிமருந்தும் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. வீட்டில் வைத்து ரவை நிரப்புவது இங்கே பொழுதுபோக்கு இல்லை. இந்தப் பதில் அதற்கு அனுமதி உள்ள நாட்டில் இருக்கும் ஒருவருக்கு எழுதுவது. தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ பழைய ரவை, கோது ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லிவிடுங்கள். பித்தளையின் விலைக்கு ஆசைப்பட்டுச் சுத்தியலை எடுக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்போது ஊரில் வாட்டர் பம்புக்கும் லான்ட்மாஸ்டருக்கும் சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தாலும், ஒன்ராறியோவில் துப்பாக்கி திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் உங்களுடையதைப் போன்ற லீ-என்பீல்டுகள் நிறையக் கைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்சிலேயே நம்பர் 4 ரைபிளைச் செய்தார்கள், அதனால் அந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் டை பெரும்பாலும் பழுதாக இருக்காது. நீங்கள் ஒரே வியாதி என்று நினைத்து எழுதியிருப்பது மூன்று நாலு வியாதி. அவற்றில் பாதிக்கும் கழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. கழுத்து டை தொடுவது கழுத்தை மட்டும்தான். தோளிலோ (உடம்பு கழுத்துக்கு ஒடுங்கும் இடம்) உடம்பிலோ நீளத்திலோ இருக்கும் குறையை அந்த டையை எவ்வளவு திருகினாலும் தீர்க்க முடியாது.

சுடும்போது மருந்து எரிந்து எழும் அமுக்கத்தில் கோது ஊதி, குழலின் அடியில் ரவை உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அமுக்கம் விழுந்ததும் பித்தளை ஒரு மயிரிழை சுருங்குகிறது, அதனால்தான் போல்ட்டால் அதை இழுத்தெடுக்க முடிகிறது. அப்படி வெளியே வந்த கோது உங்கள் சேம்பரின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறது. உடம்பையும் தோளையும் தொடாமல், சன்னத்தைப் பிடிக்கும் அளவுக்குக் கழுத்தை மட்டும் இறுக்கினால், அந்தக் கோது திரும்பவும் அதே சேம்பருக்குள் ஆடாமல் உட்காரும்.

லீ-என்பீல்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்களத்துச் சேறும் மண்ணும் பட்ட ரவையும் தடையில்லாமல் உள்ளே போகட்டும் என்று அதன் சேம்பரைத் தாராளமாகக் குடைந்துவிட்டார்கள். ரவை உள்ளே நிலைகொள்வது தோளில் அல்ல, அடியில் இருக்கும் விளிம்பில். ஆகவே தோளுக்கு முன்னால் எவ்வளவு வெளி இருந்தாலும் ரைபிள் சுடும், கோதுதான் அந்த வெளியை நிரப்ப முன்னால் ஓடும். முழுநீள டையால் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதும், அடுத்த சூட்டில் அது திரும்ப முன்னால் ஓடுவதுமாக இருந்தால், கோதின் அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு இழுபட்டு மெலியும். வெளியே பளபளப்பான ஒரு வளையம் தெரியும். பிறகு ஒரு நாள் கோது இரண்டாகப் பிரிந்து முன்பாதி சேம்பருக்குள் நின்றுவிடும். ஆகவே கழுத்தை மட்டும் இறுக்கும் முடிவு உங்கள் ரைபிளுக்குச் சரியான முடிவுதான். அதற்காகக் கோதுகளுக்குச் சாகாவரம் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியை எல் வடிவில் வளைத்து, கோதுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரைத் தடவிப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கோதை நசுக்கி எறியுங்கள்.

இனி, தளர்ந்த சன்னம். ஏற்கெனவே நிரப்பி வைத்த ரவைகளில் சன்னம் சுற்றுகிறவற்றைச் சுட வேண்டாம். மகசீனுக்குள் இருக்கும் ரவையின் சன்னம் சுடும் அதிர்ச்சியில் உள்ளே இறங்கினால் மருந்துக்கு இருக்கும் இடம் குறையும், அமுக்கம் ஏறும். வாயை மடித்துப் பிடிக்கச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கழுத்து பிடிக்காத சன்னத்தை வாய் மடிப்பு பிடிக்காது, அது ஒட்டுப்போடும் வேலை. சன்னம் கழற்றும் கருவியால் கழற்றி, மருந்தைக் கொட்டி, வெறுங்கோதாக்கிவிட்டு மேலே வாசியுங்கள்.

மூன்று கட்டத்தில் அளவெடுக்க வேண்டும், மூன்றும் கழுத்தின் வெளி விட்டம்தான். சுட்டுவிட்டு டையில் போடாத கோதில் ஒன்று, டையில் போட்ட பிறகு ஒன்று, சன்னம் செருகிய பிறகு ஒன்று. கழுத்தின் நடுப்பகுதியில் அளவுங்கள், கோதைச் சுற்றி இரண்டு மூன்று பக்கமாக அளவுங்கள். வேணியரை இதற்கு நம்ப முடியாது. நாங்கள் கதைக்கும் வித்தியாசம் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த ஒன்று, இரண்டு பங்கு. பட்டறையில் அதைத் தவ் என்போம், மில்லிமீற்றரில் 0.025 அளவு.

உதாரணத்துக்கு, சன்னம் 0.312 அங்குலம், கழுத்துச் சுவர் ஒவ்வொரு பக்கமும் 0.014 என்று வையுங்கள். சன்னம் செருகிய கழுத்து 0.340 இருக்கும். டையிலிருந்து வந்த கழுத்து 0.338 ஆக இருந்திருந்தால், சன்னம் உள்ளே போகும்போது கழுத்தை 2 தவ் விரித்திருக்கிறது. அந்த 2 தவ்தான் பிடி. வேட்டைக்கு அதற்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். டையிலிருந்து வந்த கழுத்தே 0.3395 என்றால் பிடி அரைத் தவ்தான். உங்கள் விரலுக்குச் சுற்றுகிற கோதுகளில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

பிடி ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் டைக்குள் ஒரு தண்டும் அதில் ஒரு குமிழும் இருக்கும். டை கழுத்தை வெளியிலிருந்து தேவைக்கு மேலாகவே இறுக்கும். பிறகு கோதை இழுத்தெடுக்கும்போது அந்தக் குமிழ் உள்ளிருந்து விரித்து விடும். கடைசி அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலான டைகளில் குமிழ்தான். ஆகவே சுட்ட பிறைமரை (கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடியை) தனியாகத் தட்டி எடுத்துவிட்டு, தண்டையும் குமிழையும் கழற்றி வைத்துவிட்டு, தளர்கிற கோதுகளில் ஒன்றை வெறும் டைக்குள் ஏற்றி இறக்கி அளந்து பாருங்கள்.

குமிழ் இல்லாமல் கழுத்து 0.334, 0.335 என்று நன்றாக இறுகி வந்து, குமிழைப் போட்டதும் 0.3395க்கு ஓடினால், குற்றவாளி குமிழ். .303இல் இது புதினமில்லை. இந்த அளவுக்கு விற்கப்படும் சன்னங்கள் சில 0.311, சில 0.312 அங்குலம். 0.312க்குச் சரியான பிடி தரும் குமிழ் 0.311க்கு ஒரு தவ் பிடியைத் தின்றுவிடும். தொடக்கத்தில் நல்லாக இருந்தது என்கிறீர்களே, இடையில் வேறு பெட்டிச் சன்னம் வாங்கினீர்களா? பழைய பெட்டியில் ஒன்று மிஞ்சியிருந்தால் இரண்டையும் அளந்து பாருங்கள். குமிழ்தான் காரணம் என்றால் சின்ன அளவுக் குமிழ் வாங்கலாம். இல்லாவிட்டால் தண்டை லேத்திலோ கைத் துளைகருவியிலோ பிடித்துச் சுற்றவிட்டு, 600ஆம் நம்பர் எமரித் தாளில் ஒரு துளி எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்து, நொடிக்கொருதரம் நிறுத்தி அளந்து, ஒரு தவ் குறைத்துவிடலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

குமிழ் இல்லாமலும் கழுத்து இறுகவில்லை என்றால் காரணம் பித்தளையில் இருக்கிறது. கோதின் அடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். தளர்கிறவை எல்லாம் ஒரே கம்பனிக் கோதா? ஒரு கம்பனியின் கழுத்துச் சுவர் 0.014 இருக்கும், இன்னொன்றினது 0.012 இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 4 தவ் போய்விடும், வெளியிலிருந்து இறுக்குகிற டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் கொட்டி வைத்திருந்தால் இன்றைக்கே கம்பனி வாரியாகப் பிரித்துவிடுங்கள். டைக்குள்ளேயும் ஒருதரம் லைட் அடித்துப் பாருங்கள். பழைய கிறீசும் கரியும் படிந்து கல்லாகிக் கிடந்தால் கோதுகளில் நீளக் கீறல் விழும்.

சுவரும் சரி, டையும் சுத்தம் என்றால் மிஞ்சுவது விறைப்பு. உங்கள் கழுத்து வெடிப்பும் இங்கேதான் வந்து சேருகிறது.

ரவைக்கோதின் பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும். அடித்தாலும் வளைத்தாலும் இழுத்தாலும் அது விறைத்துக்கொண்டே போகும். கன்னாதிட்டியில் தங்கக் கம்பி இழுக்கிறவர் இரண்டு மூன்று துளையில் இழுத்ததும் கம்பியை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போவார், காட்டாமல் இழுத்தால் கம்பி அறும். உங்கள் கோதின் கழுத்தும் ஒவ்வொரு சுற்றிலும் சேம்பரில் விரிந்து, டையில் சுருங்கி, குமிழில் விரிந்து, சன்னத்தில் இன்னொருதரம் விரிகிறது. லீ-என்பீல்டின் தாராளமான சேம்பரில் இந்த விரிவு சாதாரண ரைபிளை விடக் கூட. விறைத்த கழுத்தை டை எவ்வளவு இறுக்கினாலும் வெளியே வந்ததும் அது வில்லுப்போல் விரிந்துகொள்ளும், அதனால் சன்னம் தளரும். இன்னும் விறைத்தால் வெடிக்கும். உங்கள் பெட்டியில் சில தளர்வதும் சில வெடிப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு கட்டமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். குமிழை இழுத்தெடுக்கும்போது கீச்சென்று கத்துகிறதா என்றும் கவனியுங்கள். கத்தினால் கழுத்தின் உட்புறம் காய்ந்து கிடக்கிறது. அந்த இழுவை கழுத்தைக் கோணலாக்கும், கோதை நீளமும் ஆக்கும். பென்சில் கரித்தூளைச் சின்னத் தூரிகையில் தொட்டு உள்ளே ஒருதரம் தடவினால் போதும். எண்ணெய் வேண்டாம், மருந்துக்கும் பிறைமருக்கும் அது ஆகாது.

வெடித்த இரண்டையும் எறியுங்கள். மற்றவற்றைச் சூடுகாட்டி இளக்கலாம். பிறைமரும் மருந்தும் இல்லாத கோதின் கழுத்தையும் தோளையும் மட்டும் சின்னக் காஸ் சுவாலையில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், அதுவும் சில விநாடிகள்தான். 400 பாகை செல்சியசில் நிறம் மாறும் அல்லது உருகும் அடையாளப் பூச்சு அங்கே துப்பாக்கிச் சாமான் கடைகளில் கிடைக்கும். கழுத்துக்குள் ஒரு கோடு பூசிவிட்டு அது மாறியதும் எடுத்துவிடுங்கள். கண்ணை நம்பி, பளிச்சென்று சிவக்கும்வரை காட்டினால் கழுத்து களிமண்ணாகிவிடும், பிடிக்கவே பிடிக்காது. அதைவிட மோசமானது சூடு கீழே இறங்குவது. கோதின் அடி விறைப்பாக இருப்பதால்தான் அமுக்கத்தைத் தாங்குகிறது. அது இளகினால் மீட்க வழியில்லை, அந்தக் கோது குப்பைக்கு. விரலால் கோதின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டே செய்கிறவர்கள் உண்டு, சூடு விரலுக்கு வந்ததும் விட்டுவிடுவார்கள். ஈரத் தட்டில் நிறுத்தி வைத்தும் செய்யலாம். சூடான பித்தளையைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது உருக்கின் குணம். பித்தளைக்கு அது இல்லை.

கழுத்து வெடிப்பைப் பற்றிக் கதைக்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கோதுகளை எதில் கழுவுகிறீர்கள்? அமோனியா கலந்த மினுக்குத் திரவம் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் கோதுகள் சுடாமலேயே தானாக வெடித்தன. உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் பித்தளையை அமோனியா பிளக்கும், குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல் உலோகவியலாளர்கள் விளக்கினார்கள். பழப்புளி போன்ற மெல்லிய அமிலம் பரவாயில்லை, இப்போது பலர் எலுமிச்சை அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்துத்தான் கழுவுகிறார்கள். அதிலும் ஊறப்போட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காயவிடுங்கள்.

அடுத்தது போல்ட். இந்தச் சோதனையில் மருந்தும் பிறைமரும் கிட்டவும் வரக்கூடாது, வெறுங்கோது மட்டும். பூட்ட மறுக்கிற கோது ஒன்றை டையில் போட்டு, உடம்பு, தோள், கழுத்து எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிக் காயவிடுங்கள். பிறகு சேம்பருக்குள் வைத்துப் போல்ட்டை மெதுவாகப் பூட்டி, திறந்து எடுங்கள். கறுப்பு உரசிப் போன இடம் எங்கே என்று பார்த்தால் சேம்பரே பதில் சொல்லிவிடும்.

தோளில் வளையமாக உரசியிருந்தால், அது நாலைந்து சுற்றில் முன்னால் வந்துவிட்டது. உடம்பின் கீழ்ப்பகுதி உரசியிருந்தால், உடம்பு தடித்து, திரும்பச் சுருங்கும் தன்மையை இழந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து முழுநீள டைதான். அலமாரியில் போட்டதைத் திரும்ப எடுங்கள். ஆனால் கோதின் அடியைத் தாங்கும் தாங்கியில் முட்டும்வரை டையை இறக்கிப் பூட்ட வேண்டாம், அப்படிச் செய்தால் நீங்கள் தப்பி ஓடிய அதே இழுபாட்டுக்குத் திரும்பிப் போவீர்கள். டையை மேலே நிறுத்தி, கால் திருகுக்கும் குறைவாக இறக்கி இறக்கி, ஒவ்வொருதரமும் அதே கோதை ரைபிளில் பூட்டிப் பாருங்கள். போல்ட் மெல்லிய உணர்வோடு இறங்குகிற இடம் வந்ததும் டையின் வளையத்தைப் பூட்டிவிடுங்கள். தோள் ஒன்றிரண்டு தவ் பின்னால் போனால் போதும். நாலைந்து சுற்றுக்கு ஒருதரம் இது செய்ய வேண்டி வரும். கழுத்து டை வாங்கியவர் முழுநீள டையை விற்றுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கறுப்பு உரசியிருப்பது கழுத்தின் வாயில் என்றால் அங்கேயே நில்லுங்கள். அதுதான் மெய்யான ஆபத்து. கோது ஒவ்வொரு சூட்டிலும், ஒவ்வொரு குமிழ் இழுப்பிலும் நீளும். .303 கோதின் உச்ச நீளம் 2.222 அங்குலம், வெட்டிக் குறைக்க வேண்டியது 2.212க்கு. உச்ச நீளத்தைத் தாண்டி நீண்ட கோதின் வாய், சேம்பர் முடிந்து குழல் தொடங்கும் ஒடுக்கத்தில் போய் நெருக்கப்படும். சுடும்போது கழுத்து விரிந்து சன்னத்தை விட இடமிருக்காது. அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். பூட்டாத போல்ட்டை உள்ளங்கையால் அடித்துப் பூட்டுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இந்தப் பந்தியை இரண்டாம் தரம் வாசியுங்கள். கழுத்துச் சுவர் தடித்துப்போனாலும் இதே நெருக்கம்தான் வரும். அதைப் பிடிக்க, சுட்டுவிட்டு டையில் போடாத கோதின் வாயில் ஒரு சன்னத்தைக் கையால் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே வழுக்கிப் போக வேண்டும். போகவில்லை, ஆனால் வாய் நசுங்கியும் இல்லை என்றால், அந்தக் கோதுகளைத் திரும்ப நிரப்ப வேண்டாம், தெரிந்த துப்பாக்கித் திருத்துநரிடம் சேம்பரை அளக்கக் கொடுங்கள்.

மச்சானின் கோது விஷயம் ஒரு வரியில் முடியும்: அவருடைய கோது அவருடைய சேம்பரின் அளவு. ஒரே தொழிற்சாலையில் ஒரே கிழமை செய்த இரண்டு லீ-என்பீல்டின் சேம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. கழுத்தை மட்டும் இறுக்குகிற யாரும் அடுத்தவர் கோதை வாங்கக் கூடாது. வாங்கினால் முதல்தரம் முழுநீள டையில் போட்டு, எத்தனை தரம் சுட்டது என்று அவரிடம் கேட்டு எழுதி, தனிப் பெட்டியில் வையுங்கள். அவருக்கு ஞாபகமில்லை என்றால் வாங்காமல் விடுவதே மேல். இன்னொன்று: தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்குக் கழுத்து மட்டும் இறுக்கிய கோது பொருந்தாது, அதற்கு எப்போதும் முழுநீள டைதான். மான் வேட்டைக்குக் கொண்டுபோகிற ரவை ஒவ்வொன்றையும் புறப்படுமுன் திடலில் வைத்து, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, ஒருதரம் பூட்டித் திறந்து பாருங்கள். குளிரில் விறைத்த கையோடு மான் முன்னால் நிற்கும்போது போல்ட்டோடு மல்லுக்கட்டுவது நல்லதில்லை.

கொலட் டை வாங்கலாமா என்று கேட்டீர்கள். நல்ல சாமான்தான், விலையும் அவ்வளவு இல்லை. அதில் கழுத்துக்குள் ஒரு தண்டு நேராக நிற்கும், வெளியிலிருந்து பிளவுபட்ட உருளை ஒன்று கழுத்தை அந்தத் தண்டோடு சேர்த்து அமுக்கும். இழுத்து விரிக்கிற குமிழ் இல்லாததால் கீச்சொலி இல்லை, கோணல் குறைவு, கிறீசும் தேவையில்லை. சுவர் தடிப்பு எதுவாக இருந்தாலும் உள் விட்டம் தண்டின் அளவுக்கே வரும் என்பதால் பல கம்பனிக் கோது கலந்து கிடக்கிற உங்களைப் போன்றவருக்கு அது உதவும். ஆனால் விறைத்த கழுத்து அதிலும் திரும்ப விரியத்தான் செய்யும், தோளையும் நீளத்தையும் அதுவும் தொடாது. ஆகவே முதலில் பிரித்து, அளந்து, இளக்கிப் பாருங்கள். குமிழின் இழுவைதான் தொல்லை என்று தெரிந்தால் வாங்குங்கள். வாங்கினால், கோதை டைக்குள் ஏற்றும் பிரஸ்ஸின் கைப்பிடியில் உங்கள் கைக்கு அந்த அமுக்கம் பிடிபடக் கொஞ்ச நாள் எடுக்கும். குறைவாக அமுக்கினால் சன்னம் தளரும், முழுப் பலத்தையும் போட்டால் டையின் மேல்மூடி பெயரும். ஒவ்வொரு கோதையும் ஒருதரம் அமுக்கி, சற்றுத் திருப்பி, இன்னொருதரம் அமுக்கினால் கழுத்து வட்டமாக வரும். கழுத்தில் மெல்லிய கோடுகள் விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உருளையின் பிளவுகளின் தடம். கோது இல்லாமல் மட்டும் கைப்பிடியை முழுதாக இறக்கிவிடாதீர்கள். உருளை மூடியபடியே மாட்டிக்கொண்டால் அடுத்து வருகிற கோதின் கழுத்து அதன்மேல் முட்டி நசுங்கும்.